ஏழாவது முடிச்சு

ஊர்ப் பள்ளி வாத்தியாரம்மா உமையாளுக்கு நடந்த அநியாயம் இதுதான். வகுப்பிலிருந்து பதினொரு பிள்ளைகளைத் துரத்தச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். உடனே அவளையும் சேர்த்துத் துரத்தப் பார்த்தார்கள்.

வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலம் அது. காலையில் போட்ட கட்டளையை மத்தியானம் மறந்துவிடுகிற ராஜா. ஆனால் தன் மெய்க்கீர்த்தியை மட்டும் தினமும் கேட்பார். அதாவது, அவர் புகழைச் சொல்லிக் கல்லில் வெட்டிய நாற்பது வரிப் பாட்டு. தன் பெயர் வருகிற இடத்தில் தலையாட்டுவார். மற்ற இடங்களில் கண் மூடியிருக்கும்.

எழுதியவர் அவைப்புலவர் விடங்கர். இளவரசி அவரிடம் பாடம் கேட்க மறுத்து, உமையாளின் ஊர்ப் பள்ளிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்ததில் அவருக்குத் தாங்க முடியாத எரிச்சல். பள்ளியைச் சோதிக்கக் கிளம்பினார். சரித்திரப் பாடத்துக்கு ஒரே கேள்வி: நாற்பது வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பி. இருபத்தொன்பது பேர் ஒப்பித்தார்கள். பதினொரு பேருக்கு வரவில்லை. மாடத்தி என்ற சிறுமிக்கு இரண்டாம் வரியே வரவில்லை.

"இதுகள் மக்கு. மாடு மேய்க்க அனுப்புங்கள் அம்மணி."

"மாடு மேய்க்கிறவருக்குச் சரித்திரம் வேண்டாமா?"

"சொல்லிக்கொடுக்க நாளாகுமே."

"நாள் என்னுடையதுதானே, ஐயா."

வழக்கு அவைக்குப் போனது. ராஜா யோசித்ததாகத் தெரியவில்லை, தீர்ப்பு மட்டும் வந்தது. "உன் வகுப்பின் கடைசிப் பிள்ளை புலவரைவிடச் சரித்திரம் அறிந்திருந்தால் எல்லாரும் இருக்கலாம். இல்லையென்றால் பதினொன்றோடு நீ பன்னிரண்டு."

புலவரே மாடத்தியைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் அவளை உமையாள் அழைத்து வந்தாள். சிறுமியின் தோளில் கயிற்றுச் சுருள்கள்.

"இது என்ன, கிணற்றுக்கா போகிறாள்?" என்றார் விடங்கர். அவை சிரித்தது.

"எங்கள் வகுப்பில் ஒரு ராஜாவுக்கு ஒரு கயிறு. ஆண்ட வருஷத்துக்கு ஒரு முடிச்சு. அந்த வருஷம் என்ன நடந்ததோ அதற்கு ஓர் அடையாளத்தை அங்கே கட்டுவோம்," என்றாள் உமையாள். "ஐயா பாடட்டும். இவள் தடவிக்கொண்டே வருவாள்."

புலவர் கணீரென்று எடுத்தார். "ஏழாம் ஆண்டில் கடல் கடந்து தீவை வென்று, ஒன்பதாம் ஆண்டில் பேரேரி வெட்டிய மாறவேள்..."

ராஜா தலையாட்டினார்.

மாடத்தியின் விரல் கயிற்றின் நுனியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள். "வாத்தியாரம்மா, இந்த ராஜாவுக்கு ஆறு முடிச்சுதான் இருக்கு. ஏழாவது இன்னும் வரல."

ராஜாவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. அவர் பட்டம் கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரே மூச்சில் ஒப்பித்ததில் இதை யாருமே கவனிக்கவில்லை.

"விடங்கரே, நான் எப்போது கடல் கடந்தேன்? தெப்பத்தில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும்."

"மனத்தளவில், அரசே."

மாடத்தி அதற்குள் இன்னொரு கயிற்றைப் பிரித்திருந்தாள். ஏழாவது முடிச்சில் சிப்பி, ஒன்பதாவதில் நத்தைக்கூடு. "கடலும் ஏரியும் இங்க இருக்கு. இது தாத்தா ராஜா."

தாத்தாவின் பாட்டில் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்து, விடங்கர் வாங்கிய வெகுமதி பத்து வேலி நிலம். ராஜா அதைப் பள்ளிக்கு எழுதி வைத்தார்.

"பிள்ளைகள் இருக்கட்டும். இந்தப் புலவருக்கும் சரித்திரம் தெரிய வேண்டும். உன் வகுப்பில் சேர்த்துக்கொள்வாயா, உமையாள்?"

"நானா? இந்தக் குழந்தைகளோடா?" என்றார் விடங்கர்.

உமையாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமாக, அரசே. எங்கள் வகுப்பில் யாரையும் துரத்துவதில்லை. ஐயாவுக்குக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."