அமுலுவின் பலகை

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். காலையில் தொடங்கிய தூறல் விடவில்லை. ஈரக் காற்றில் தோல் கனத்துக் கிடந்தது. அந்த நேரத்தில்தான் ஜெயவேலு இன்னொரு வாரையும் கெடுத்தார்.

போலியோ தாக்கிய காலுக்கு மாட்டும் கேலிப்பரின் முழங்கால் வார் அது. பூக்கடை வள்ளியம்மாளுக்கு உரியது. பழைய வார் அறுந்ததிலிருந்து அவள் வீட்டைவிட்டு நகர முடியாமல் இருந்தாள். மறுநாள் காலை ஆட்டோவில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பட்டறையில் இன்னும் ஒரு வாருக்குத்தான் தோல் மிச்சம். புதுத் தோல் வெள்ளிக்கிழமை பகலில்தான் வந்து இறங்கும்.

எதிரே தைத்துக்கொண்டிருந்த தாஹிரா தலை நிமிரவில்லை.

"டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழிக்காதீங்க அண்ணா."

ஜெயவேலு பணி ஓய்வு பெறும்வரை பேருந்து நடத்துநர். அவளைவிட இருபது வயது மூத்தவர். இருந்தாலும் இந்தப் பட்டறையில் அவள் குரு, அவர் சீடர். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் முன்பு அவருடைய மகள் அமுலு வேலை செய்தாள். சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவர் இங்கே வந்து, அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று தாஹிரா கேட்கவில்லை. கத்தியை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் காட்டினாள்.

"கையில கோளாறு இல்லம்மா" என்றார் ஜெயவேலு. "நேராத்தான் போறேன். பாதியில கத்தி அவ தடத்துல விழுந்துடுது. அப்புறம் அது இழுத்த வழிதான்."

தடித்த வேப்பம் பலகை. அதன் முகமெங்கும் அமுலுவின் வெட்டுகள்; நெடுக்கே நீளமானவை, ஓரங்களில் வளைந்தவை, மகளுக்கு வேலை பழகாத காலத்துத் தாறுமாறான கீறல்கள்.

"எதுமேல வெச்சுத்தாம்மா வெட்டறது?"

அவர் எல்லாவற்றையும் பலகைமேல் வைத்து வெட்டிப் பார்த்துவிட்டார். கண்ணாடியில் ஒரு கீறலும் விழவில்லை. மதியத்துக்குள் கத்தி மழுங்கியது. தகரத்தில் முனை மடங்கியது. சென்னையிலிருக்கும் தங்கை மகன் வெட்டுவதற்கென்றே செய்த பச்சை நிற ரப்பர் பாய் ஒன்றை அனுப்பினான். "வெட்டினா தானா மூடிக்கும் மாமா" என்று போனில் பெருமைப்பட்டான். ஒரே ஒரு முறை வெட்டிப் பார்த்தார். கோடு விழுந்தது; கண்ணெதிரே மங்கி மறைந்தது. அவர் அதைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

தாஹிரா எழுந்து வந்தாள். அவர் கெடுத்த துண்டைப் பலகையில் விரித்து, கத்தியை வாங்கி வெட்டினாள். பாதி தூரத்தில் கத்தி சறுக்கி இடப்பக்கம் ஓடியது.

"உங்களுக்குமா?"

"யார் வெட்டினாலும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால வேற பலகை இருக்கு. நேத்தே சொன்னேன். இதை வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"கொண்டுபோனா என் சம்சாரம் சாமி படத்துக்குக் கீழே சாத்தி வெச்சுக் குங்குமம் வைப்பா. அமுலு இதைக் கும்பிட்டாளா? இதுமேல வெச்சு சோறு தின்னா. கத்தி சறுக்கினா இதைத் திட்டினா. வேலை செஞ்சா. நான் இதுலதான் வெட்டணும்."

"அப்ப இழைக்கணும்."

அலமாரியிலிருந்து இழைப்புளியை எடுத்து அவள் பலகைமேல் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. ஆழமான ஒரு தடத்துக்குள் நகத்தை வைத்து, அது முடியும் இடம்வரை மெல்லக் கொண்டுபோனார்.

"இழைச்சா அவ போயிடுவாளே."

"ஆமா."

அவர் இழைப்புளியைப் பலகையிலிருந்து தள்ளி வைத்தார்.

"உங்களுக்கென்னம்மா. சுலபமா சொல்லிட்டீங்க."

"அமுலு இங்க சேர்ந்த அன்னிக்கு, இதே பலகையை நான்தான் இழைச்சுக் கொடுத்தேன்."

"அதுக்கு முன்னால யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

பட்டறையைத் தொடங்கிய அவளுடைய கணவர் லாரி மோதி இறந்ததை ஊரே அறியும். அவர் வெட்டியதும் இந்தப் பலகையில்தான் என்பது அதுவரை ஜெயவேலுவுக்குத் தெரியாது. குனிந்து பலகையில் அந்தப் பழைய வெட்டுகளைத் தேடினார். சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் அமுலுவின் வெட்டுகள்தான். வேறு ஒரு கையின் அடையாளம் எங்கும் இல்லை.

பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இழைச்சப்புறம் மனசு கொஞ்சமாவது ஆறிச்சாம்மா?"

தாஹிரா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இல்ல அண்ணா. கத்தி நேராப் போச்சு."

மறுநாள் காலை தூறல் விட்டிருந்தது. தாஹிரா வந்தபோது ஜெயவேலு அவளுக்கு முன்பே வந்து வேலையை முடித்திருந்தார். பலகையின் நடுவில் ஒரு வாரின் அகலத்துக்கு மட்டும் இழைத்திருந்தார். அந்தப் பட்டை புதுமரமாக வெளுத்துக் கிடந்தது. இரு பக்கமும் அமுலுவின் வெட்டுகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் வள்ளியம்மாளின் வார், ஓரம் பிசகாமல்.

வள்ளியம்மாள் வந்தாள். வாரை மாட்டி, எழுந்து நின்று, ஆட்டோவை அனுப்பிவிட்டுக் கடைக்கு நடந்தே போனாள்.

பகலில் புதுத் தோல் வந்து இறங்கியது. தாஹிரா அதில் ஒரு துண்டைப் பிரித்து ஜெயவேலுவின் முன்னால் வைத்தாள்.

"இது தொடை வார் அண்ணா. முழங்கால் வாரைவிட ரெண்டு மடங்கு அகலம்."

ஜெயவேலு தோலைப் பார்த்தார். பலகையில் வெளுத்த பட்டையையும் அதன் இரு பக்கத்து வெட்டுகளையும் பார்த்தார்.