காந்தளுக்குக் கட்டிய நார்

மனத்தைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள். இது சிரிக்கிற கதை இல்லை.

காடு கழனியைவிடப் பெரிதாக இருந்த காலம் அது. செம்பாறை மலையில் கொற்றி என்று ஒருத்தி தனியாக இருந்தாள். கிழங்கு தோண்டிப் பிழைத்தாள். அங்கே இரண்டு கொடிகள் பக்கம் பக்கமாகப் படரும். ஒன்று காந்தள். பூ நெருப்பாய்ச் சிவந்திருக்கும், கிழங்கு ஆளைக் கொல்லும். இன்னொன்று வள்ளி. பூ கண்ணிலேயே படாது, கிழங்கு பஞ்சத்தில் உயிரைக் காக்கும். கோடையில் இரண்டும் காய்ந்து சருகாகிவிடும், எது எதுவென்று தெரியாது. அதனால் பூக்கும்போதே வள்ளியின் அடியில் குச்சி நட்டு நார் கட்டி வைப்பாள் கொற்றி. அவள் முடிச்சு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தோண்டலாம். அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஆதிரையும் அப்படித்தான் தோண்டுவாள்.

ஒரு கார்காலத்தில் அரசன் மாறவேள் மலை பார்க்க வந்தான். நாரைப் பூவுக்குச் செய்த மரியாதை என்று நினைத்து, நோஞ்சான் பூவுக்கு நார் இருக்கிறது, காந்தளுக்கு இல்லையே என்று அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எது உயர்ந்தது என்று கேட்டான். அமைச்சர் காந்தள் என்றார். புலவர் காந்தள் என்றார். படைத்தலைவர் கேள்வி முடியுமுன்பே தலையை ஆட்டினார். வயிறு நிறைந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

"அரசே, பூவைப் பார்த்துக் கட்டின நார் இல்லை இது. கிழங்கைப் பார்த்துக் கட்டினது" என்றாள் கொற்றி.

அவன் காதில் வாங்கவில்லை. அத்தனை நாரையும் அவள் கையாலேயே அவிழ்த்துக் காந்தளுக்குக் கட்டச் சொன்னான். மறுத்தாள். வாளை உருவினார்கள். கட்டினாள். எதிர்த்துப் பேசிய குற்றத்துக்கு அன்றே மலைக்கு அப்பால் துரத்திவிட்டார்கள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக விடவில்லை, பாவிகள்.

அந்த வருடம் வயல் பொய்த்தது. கோடையில் ஆதிரை வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. மலையேறி, நார் கண்ட இடத்தில் தோண்டி வந்து வேகவைத்தாள். கிழங்கு வேறு மாதிரி இருக்கிறதே என்று மாமியார் இழுத்தாள்.

"அம்மா கட்டின நார், அத்தை. தப்பாது" என்று சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளுக்கும் ஊட்டி, தானும் தின்றாள்.

பஞ்சம் என்று கேள்விப்பட்டு, தலை போனாலும் போகட்டும் என்று கொற்றி ஓடி வந்தாள். வீட்டுக்குப் பின்னால் நான்கு குழிகளை மூடியிருந்தார்கள். மாமியார் அவளைத் திட்டவில்லை.

"உன் நாரை நம்பித்தான் தோண்டினாள், சம்பந்தி" என்று மட்டும் சொன்னாள்.

அரண்மனையில் அன்றைக்கும் நெல்லுச்சோறுதான்.

தெரிந்தவர் பேச்சைக் கேளாமல் அதிகாரத்தில் இருப்பவன் தீர்ப்புச் சொன்னால், சாகிறவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்களே.