விரியிலை தலைகவிழ்ந்த கதை

அந்தக் காலத்தில், விலங்கும் செடியும் ஒரே மொழியில் வழக்காடிய நாளில், தொட்டாற்சுருங்கிக்கு விரியிலை என்று பெயர். அவளுடைய இலைகள் ஒருபோதும் மூடியதில்லை. தொட்டறிவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால், உலகிலுள்ள பெயர்களையெல்லாம் இரண்டாகப் பிரிக்கும் பொறுப்பைக் காடு அவளிடம் ஒப்படைத்திருந்தது. ஐம்புலன்களுக்கு எட்டுபவை வலப்பக்கம். மனத்துக்கு மட்டுமே எட்டுபவை இடப்பக்கம்.

விரியிலை பிழை பொறுக்கமாட்டாள். "காற்றைக் காண முடியாதே, இடப்பக்கம்தானே?" என்ற மைனாவை, "உன் இறகைக் கலைத்தது எது? வலப்பக்கம் வை" என்று திருத்தினாள். தேனும் இடியும் தாழம்பூ மணமும் வலப்பக்கம் போயின. வீரம், அன்பு, பயம் ஆகியவை இடப்பக்கம் சேர்ந்தன.

ஒருநாள் மாலை, புள்ளிமான் ஒருத்தி தன் குட்டியோடு மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, எனக்குப் பயமாயிருக்கிறது. குட்டியை உங்கள் முட்புதருக்குள் சற்று இருக்கவிடுங்கள்."

"எதைக் கண்டாய்?"

"ஒன்றையும் காணவில்லை."

"காலடி கேட்டதா? வாடை அடித்ததா?"

"இல்லை அக்கா. பயம்தான்."

"பயம் இடப்பக்கத்தது. உடம்பே இல்லாத ஒன்று உன் குட்டியை என்ன செய்துவிடும்? புலி என்றால் சொல், இடம் தருகிறேன்."

மைனா சும்மா இருக்கவில்லை. "பயத்துக்கு வால் எவ்வளவு நீளம், மானம்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விரியிலையும் சிரித்தாள். மான் குட்டியை அழைத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். அங்கே புலி பதுங்கியிருந்தது.

மறுநாள் காலை மான் தனியே வந்தாள். ஏசவில்லை. குனிந்து, விரியிலையின் மேல் முகத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக ஒரு துளி விழுந்தது.

"இது எந்தப் பக்கம், அக்கா?"

கண்ணீர் வலப்பக்கம், துயரம் இடப்பக்கம் என்று பழகிய மனம் உடனே சொல்லிற்று. தான் பிரித்ததில் ஒரு பிழையும் இல்லை. தொட முடியாததை இல்லாதது என்று எண்ணியதல்லவா பிழை! நேற்றுச் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு குட்டியைக்கூடக் காக்காத முட்கள் அவளையே குத்தின.

வெட்கத்துக்கும் உடம்பில்லை. ஆயினும் அது மானின் மூக்குப் பட்ட இடத்திலிருந்து காம்பு வழியே பரவி, இலை இலையாக மூடிக்கொண்டே போயிற்று.

அன்று முதல்தான், யார் விரல் பட்டாலும் அந்த ஈர மூக்குதான் என்று எண்ணி, தொட்டாற்சுருங்கி தன் இலைகளை மூடித் தலைகவிழ்கிறாள்.