குனிய மறுத்த தூது

மலையடிவாரக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதில் நீர்நாய்கள் குட்டிகளோடு தவித்தன. ஆற்றுக்குப் போக ஒரே வழி, காட்டெருமைகளின் பள்ளத்தாக்கு. வழி கேட்கத் துழாவி என்ற நீர்நாய் தூது போனது.

எல்லையில் ஒரு மீனை வைத்துவிட்டு நின்றது. நீர்நாய்களின் வழக்கம் அது. நான் ஒன்று வைத்தால் நீயும் ஒன்று வைக்க வேண்டும். பிறகுதான் பேச்சு. ஆற்றின் வளைவுக்கு வளைவு ஒரு சொந்தக்காரர். யாரும் யாருக்கும் மேல் இல்லை.

மீனைக் கண்டதும் மந்திரியான கருங்குரங்கு கூவியது. “அரசே! நீர்நாய்கள் கப்பம் கட்டிவிட்டன!”

“கப்பமா? நல்ல கதை! இது மரியாதை. பதிலுக்கு ஒரு பிடி புல்லாவது வையுங்கள்!” என்றது துழாவி.

காட்டெருமை அரசன் கருங்கொம்பன் சிரித்தது. “உலகம் ஒரு வட்டம், பொடியே. நடுவில் நான். ஓரத்தில் இருப்பவர்கள் குனிந்து வருவார்கள். நான் கருணை காட்டுவேன். பாட்டன் காலத்து முறை. உன் நெற்றி மண்ணில் படட்டும், வழி விடுகிறேன்!”

துழாவி குட்டிகளை நினைத்தது. சேற்றில் நாக்குத் தள்ளிக் கிடந்தன. ஒரு நொடி குனிந்தால்தான் என்ன? ஆனால் இன்று தன் நெற்றி மண்ணில் பட்டால், நாளை அந்தக் குட்டிகளின் நெற்றியும் பட வேண்டுமே!

“முடியாது!”

“திமிரைப் பார்!” என்று பல்லைக் காட்டியது மந்திரி. “அதோ செந்நாய்கள் வருகின்றன. பணிவைக் கற்றுக்கொள்!”

மூன்று செந்நாய்கள் முன்னங்காலை நீட்டி, மார்பு தரையில் பட வணங்கின. “மாமன்னா! உங்கள் கால்தூசி நாங்கள்! கன்றுகளுக்குக் காவல் இருக்க அனுமதி கொடுங்கள்!”

கருங்கொம்பன் பூரித்துப்போனது. “இதல்லவா ஒழுங்கு! கிட்டே வாருங்கள்!”

துழாவி அவற்றின் பின்னங்கால்களைப் பார்த்தது. தசை இறுகியிருந்தது. கண்கள் அருகில் மேய்ந்த ஒரு கன்றின் மேல் இருந்தன.

“அடே முட்டாள் மாடே! அது கும்பிடு இல்லை, பதுங்கல்! கன்றைப் பார்!”

அரசனை யாரும் அப்படி அழைத்ததில்லை. கருங்கொம்பன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு துரத்தியது. துழாவி கன்றின் பக்கமாகவே ஓடியது. அந்த நேரம் கன்றின் கழுத்துக்கு ஒரு செந்நாய் பாய்ந்தது. துரத்தி வந்த கொம்பு அதை அந்தரத்திலேயே தூக்கி எறிந்தது. மற்ற இரண்டும் ஓட்டம் பிடித்தன.

“அண்டையில் இருப்பவன் இரை! பாயும்வரை குனி! இதுதான் எங்கள் முறை!” என்று ஓடிக்கொண்டே ஒன்று கத்தியது.

மந்திரி மர உச்சியில் இருந்தது.

கருங்கொம்பனுக்கு மூச்சு வாங்கியது. “என்னை முட்டாள் மாடு என்றாயா?”

“என்றேன்.”

“இப்போதும் குனிய மாட்டாய்?”

“மாட்டேன்.”

கருங்கொம்பன் முறைத்தது. பிறகு வழியைவிட்டு நகர்ந்தது. “போ. குட்டிகளைக் கூட்டிவா. வெயில் ஏறுகிறது.”

குனிந்த முதுகை நட்பென்று நம்பும் அரசு கெடும். முகத்துக்கு நேரே மறுப்பவனோடு செய்த உடன்பாடே நிற்கும்.