பின்னங்காலுக்குச் சொன்ன சொல்

மலையடிவாரக் காடு ஒன்றில், ஆற்றை ஒட்டி ஒரு பெரிய புல்வெளி இருந்தது. குழந்தைகளே, அந்தக் காட்டு விலங்குகள் அங்கே ஒரு போட்டி நடத்துவது வழக்கம்.

குதிரையின் முதுகில் ஒருவர் ஏறிக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்து மூங்கில் படலைத் திறந்து மூட வேண்டும். மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். கடைசியில், கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கன்றைப் பிரித்து ஓட்டி வர வேண்டும். வெல்லும் ஜோடிதான் எருமை மந்தைக்குக் காவல்.

வெண்சுழி என்ற இளங்குதிரைக்கு அந்தக் காவல் பொறுப்பின் மேல் கொள்ளை ஆசை. ஆனால் நின்ற இடத்தில் நிற்க அவளுக்குத் தெரியாது. அவள் முதுகில் ஏறிப் பழகியவன் சாம்பன் என்ற குரங்கு. அவன் நிதானக்காரன்.

வெண்சுழி எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள். சில நாட்களிலேயே படல், பாலம், கம்பு, கன்று என்று வரிசை அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. படலின் கயிற்றைச் சாம்பன் தொட்டதுமே உள்ளே பாய்ந்தாள். அவன் கடிவாளத்தை அசைக்கும் முன்பே கம்புகளைச் சுற்றினாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே!" என்றான் சாம்பன்.

"சொல்ல என்ன இருக்கிறது? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்றாள் வெண்சுழி.

"வழி தெரியும். நான் சொல்வதைக் கேட்கத் தெரியவில்லை."

"நீ பேசாமல் உட்கார்ந்து வா. நான் ஜெயித்துக் காட்டுகிறேன்."

பார்க்க வந்த முயல்களும் மான்களும் அவள் வேகத்தைக் கண்டு ஆரவாரம் செய்தன. அதற்குப் பிறகு சாம்பனின் பேச்சு அவள் காதில் ஏறவே இல்லை.

போட்டி நாள் விடிந்தது. மலை உச்சியில் பெய்த மழையால் ஆறு பொங்கி, புல்வெளிக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மந்தையின் தலைவி கரியாத்தா என்ற எருமை. பட்டிக்குள் நின்றபடி அவள் கத்தினாள்.

"வெண்சுழி! சாம்பா! போட்டி கிடக்கட்டும். எங்களை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்!"

வெண்சுழி பட்டிக்குப் பறந்தாள். சாம்பன் குனிந்து படலின் கயிற்றை அவிழ்த்தான். அவ்வளவுதான், அவள் பாலத்தை நோக்கிப் பாய்ந்துவிட்டாள். அவள் வரிசையில் படலுக்கு அடுத்தது பாலம் அல்லவா?

"பாலம் வேண்டாம்! பாறை வழியாகப் போவோம். சுற்றுத்தான், ஆனால் நனையாத வழி!" என்று சாம்பன் கடிவாளத்தை இழுத்தான்.

"பாலம் தாண்டினாலும் மேடுதான். எனக்குத் தெரியாதா?"

பழுப்புத் தண்ணீர் பாலத்தின் மேல் மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது. வெண்சுழி பாதிப் பாலம் போனதும் முன்னால் ஒரு பலகை சடசடவென்று முறிந்து ஆற்றோடு போனது. அவள் முன்னங்கால்களை உதறி இழுத்துக்கொண்டு நின்றாள். திரும்பலாம் என்றால் பாலத்தில் இடமில்லை.

பின்னால், "ம்மா!" என்று ஒரு சத்தம். கரியாத்தாவின் கன்று, குதிரை போகும் வழிதான் சரியான வழி என்று நம்பிப் பாலத்தில் ஏறி வந்திருந்தது.

"சாம்பா, எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எனக்கு எதுவும் தெரியவில்லையே!"

"கன்று நிற்கிறது. அசையாதே."

வெண்சுழி அசையவில்லை. நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சாம்பன் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கரியாத்தா, உன் பிள்ளையைக் கூப்பிடு!"

தாயின் குரல் கேட்டதும் கன்று திரும்பிக் கரைக்கு ஓடியது.

"இப்போது நீ. திரும்பாமல் பின்பக்கமாகவே நட. வலது பின்னங்காலை எடு. இன்னும் கொஞ்சம் உள்ளே வை. அங்கே ஒரு பலகை ஆடுகிறது, அதை மிதிக்காதே. ம், இடது கால். நில். மறுபடி வலது."

அவன் சொல்லச் சொல்ல அவள் கால் வைத்தாள். சொல்லாதபோது நின்றாள். ஒருவழியாகக் குளம்புக்குக் கீழே மண் தட்டுப்பட்டது.

"இனி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் வெண்சுழி. அவள் அவனிடம் வழி கேட்டது அதுதான் முதல் தடவை.

சாம்பன் பாறை வழியைக் காட்டினான். மந்தை ஒன்றன்பின் ஒன்றாக மேடேறியது. கடைசி எருமையும் ஏறி முடித்தபோது கீழே பட்டி தண்ணீருக்குள் போயிருந்தது. கரியாத்தா கன்றை நக்கிக்கொண்டே நின்றாள்.

வெண்சுழி மூச்சு வாங்கியபடி கேட்டாள்: "சாம்பா, பாலத்துக்கு மேலே மரக்கிளை தாழ்ந்து கிடந்ததே. பலகை முறிந்ததும் நீ தாவித் தப்பித்திருக்கலாமே?"

"தாவியிருக்கலாம்," என்றான் சாம்பன். "அப்புறம் உன் பின்னங்காலுக்கு யார் வழி சொல்வது?"

நீதி: வழி எவ்வளவு பழகியிருந்தாலும், கூட வருபவர் சொல்வதைக் கேட்டு நடப்பவரே நல்ல துணை.