மக்காச்சோளத்தை அதட்டிய இயக்குநர்

ஒரு மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தில் பாவாத்தாள் என்று ஒரு தினக்கூலி இருந்தாள். அங்கே ஆறு பாத்திகள். மூன்றில் உரம் போட்டார்கள், மூன்றில் போடவில்லை. உரத்தால் என்ன பலன் என்று விவசாயிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு.

விவசாயிகள் வரும் நாளன்று காலையில் புது இயக்குநர் மார்க்கண்டன் வந்தார். வெளுத்த பாத்திகளைக் கண்டதும் பாவாத்தாளைக் கூப்பிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“அவங்க வர்றதுக்குள்ள இதெல்லாம் பச்சையாகணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!”

“அது உரம் போடாத பாத்திங்க, ஐயா...”

“சாக்குச் சொல்லாதே! இங்கே என் பேச்சுக்கு அடங்காதது எதுவும் இல்லை.”

“கூலிக்காரி பேச்சைப் பயிர் கேக்குமாங்க? நீங்களே ஒரு அதட்டு அதட்டுங்க.”

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. “ஏய், பச்சையாகு!” என்றார்.

“இன்னும் ரெண்டு பாத்தி இருக்குதுங்க. இங்க எதையும் மூணு பாத்தியில செஞ்சு பாத்தாத்தான் நம்புவாங்க.”

மூன்றாவது பாத்தியில் அவர் கத்திக்கொண்டிருந்தபோது, நாற்பத்திரண்டு விவசாயிகள் பின்னால் வந்து நின்றார்கள்.

“ஐயா என்னம்மா பண்றாரு?”

“உரத்துக்குப் பதிலா அதட்டிப் பாக்கறாருங்க,” என்றாள் பாவாத்தாள்.

ஒரு விவசாயி நோட்டைத் திறந்தார். “ஏக்கருக்கு எத்தனை அதட்டல் வேணுங்க?”

இயக்குநர் சட்டென்று திரும்பினார். “அதட்டினாப் பயிர் பச்சையாகுமாய்யா? இது உரம் போடாத பாத்தி. வெளுத்துத்தான் இருக்கும்!”

“அப்போ என் வேலைங்க, ஐயா?” என்றாள் பாவாத்தாள்.

நாற்பத்திரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“போய்க் களையெடும்மா,” என்றார் இயக்குநர், மிகவும் மெதுவாக.