பேச்சு வரும் வேகம்

"மாஸ்டர், உயிரைக் கொடுத்து ஓடுறேன். ஒரு கிலோகூடக் குறையலை."

பிலோமினா ஏற்காடு ஏரிக்கரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயது நாற்பத்தாறு. தம்பி அமலனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். எட்டுக் கிலோ குறைச்சுக்கிட்டு வாங்க என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

இத்ரீஸ் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். ஓட்டப் பயிற்சியாளன்.

"ஓடி முடிச்சு வீட்டுக்குப் போய் என்ன பண்ணுவீங்க அக்கா?"

"அகோரப் பசி. எத்தனை இட்லி போகுதுன்னே தெரியாது. அப்புறம் கட்டில்தான். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க முடியாது."

அவன் அவளோடு பாதையில் இறங்கினான்.

ஏரியைப் பனி மூடியிருந்தது. படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்திலா, தெரியவில்லை.

"உங்க தம்பியைப் பத்திச் சொல்லிக்கிட்டே வாங்க."

அவள் பாய்ந்து ஓடினாள். "அவன்... பிறந்தப்ப..."

"கேட்கலையே அக்கா."

வேகத்தைக் குறைத்தாள்.

"பிறந்தப்ப... நல்ல..."

"இன்னும் கேட்கலை."

இன்னும் குறைத்தாள். ஓட்டம் விறுவிறு நடையானது. கழுத்தில் வியர்வை இறங்கியது. ஆனால் சொல் அறுபடவில்லை.

அமலன் அடைமழையில் பிறந்தான். மூன்று வயதுவரை பேசவில்லை. அக்காவின் இடுப்பை விட்டு இறங்கவுமில்லை. அவள் சொல்லச் சொல்ல, மரங்கள் பனிக்குள்ளிருந்து வந்தன, கேட்டன, போயின.

"எத்தனை சுத்து வந்தோம் மாஸ்டர்?"

"தம்பிக்கு ஏழு வயசாயிடுச்சு."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அமலன் பள்ளிக்கூடம் போனான். வீட்டைவிட்டு ஓடிப்போனான். அந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்து கால் வேகமெடுத்தது. பேச்சு நின்றது. தானாகவே தளர்ந்தாள். அமலன் திரும்பி வந்தான்.

பகலில் கட்டிலின் ஞாபகமே வரவில்லை. மூன்று இட்லியோடு கை கழுவினாள்.

நான்காவது மாதம் கதை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

"நேத்து டாக்டர் என்னை எடை மெஷின்ல ஏத்தினார். முள்ளைப் பார்த்துச் சிரிச்சார். ஆபரேஷனுக்குத் தேதி எழுதிட்டார். அமலன் என் கையை விடவேயில்லை."

"அப்புறம்?"

பிலோமினா வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பாதை மட்டும் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இனிமேதான் நடக்கணும் மாஸ்டர்."